சர்ச்சைக் கட்டுரைகளை நூலாகத் தொகுப்பது எப்படி: மூலப் பிரதி முதல் அச்சு வரை

இதழ்களில் வெளிவந்து எதிர்ப்பையும் எதிர்வினைகளையும் சந்தித்த கட்டுரைகளை நூலாக்கும்போது, வழக்கமான கட்டுரைத் தொகுப்புக்குத் தேவைப்படாத சில படிகளைக் கூடுதலாகக் கடக்க வேண்டியிருக்கிறது. புதிதாகத் தொகுக்க வருபவர்கள் பெரும்பாலும் முன்னுரையை யாரிடம் வாங்குவது, அட்டையில் என்ன படம் போடுவது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். பக்க வடிவமைப்பு முடிந்த பிறகு ஒரு கட்டுரையை நீக்க நேர்ந்தால் பொருளடக்கம், பக்க எண், சொல்லடைவு எல்லாம் குலைந்துவிடும். அப்படிக் குலைந்த சில நூல்களைச் சரிசெய்ததிலிருந்து கிடைத்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டம் பற்றிய பகுதிகள் இந்தியாவில் வெளியாகும் நூல்களுக்கு உரியவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு தனிக் கோப்புறை வேண்டும். அதில் கட்டுரை முதலில் அச்சான பக்கங்களின் நகல், இதழின் பெயர், இதழ் எண், மாதம், ஆண்டு, அந்தக் கட்டுரைக்கு வந்த மறுப்புகள், ஆசிரியர் தம் கூற்றுகளுக்கு வைத்திருந்த சான்றுகள் ஆகியவை இருக்க வேண்டும். மறுப்புகளும் சான்றுகளும் இல்லாமல் வேலையைத் தொடங்கினால் நடுவில் நின்றுபோகும்.

கால அளவையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் வர வேண்டுமென்றால், மே மாதமே தொகுப்பு வேலையைத் தொடங்கி, அக்டோபர் முடிவதற்குள் பாடத்தை, அதாவது நூலில் அச்சாகும் வாசகத்தை, இறுதிசெய்துவிட வேண்டும். டிசம்பரில் அச்சகங்களும் வடிவமைப்பாளர்களும் ஒரே நேரத்தில் பல நூல்களோடு போராடுவார்கள். அந்த நெருக்கடியில் சர்ச்சைக்குரிய நூலை அனுப்பினால், கடைசி மெய்ப்பை (அச்சுக்கு முன் பிழை திருத்தப் பார்க்கும் பிரதியை) பார்க்காமலேயே அச்சுக்குக் கொடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது.

2. அச்சான மூலத்தைத் தேடி எடுத்தல்

ஆசிரியரின் கணினியில் இருக்கும் கோப்பு மூலம் ஆகாது. இதழுக்கு அனுப்பிய பிறகு இதழாசிரியர் சில பத்திகளை வெட்டியிருப்பார், தலைப்பை மாற்றியிருப்பார். வாசகர்கள் சினந்தது அச்சான வடிவத்தைப் படித்துத்தான்; எதிர்வினைகள் மேற்கோள் காட்டுவதும் அதைத்தான். ஆகவே நூலின் அடிப்படைப் பாடம் அச்சான பாடமாகவே இருக்க வேண்டும். ஆசிரியரின் கோப்பில் கூடுதலாக இருக்கும் பகுதி முக்கியமானது என்று தோன்றினால், அதைக் கட்டுரைக்குள் கலக்காமல் பின்னிணைப்பில் தரலாம்.

பழைய இதழ்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை நாடலாம். இலங்கைத் தமிழ் இதழ்களுக்கு ‘நூலகம்’ எண்ணிம நூலகம் பெரிதும் உதவும். கட்டுரைப் பக்கங்களோடு இதழின் அட்டையையும் உள்பக்க வெளியீட்டு விவரத்தையும் சேர்த்துப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டும் இதழ் எண்ணும் சிற்றிதழ்களில் சில நேரம் அட்டையில் ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும்; பிறகு சரிபார்க்க மீண்டும் நூலகத்துக்குப் போக வேண்டிவரும்.

3. விவாதத்தின் முழு வரலாற்றையும் திரட்டுதல்

கட்டுரை வெளியான இதழோடு தேடலை நிறுத்திவிடுவதுதான் நான் மிகுதியாகக் காணும் பிழை. அடுத்து வந்த ஆறு இதழ்களையாவது, வாசகர் கடிதப் பகுதி உட்பட, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். அதே காலத்தில் வெளிவந்த பிற இதழ்களில் மறுப்பு வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதை நான் பெரும் விலை கொடுத்துக் கற்றேன். ஒரு தொகுப்பில், பழைய நூல் ஒன்றின் பதிப்பாளர் மீது முறைகேட்டைச் சுமத்திய கட்டுரையைச் சேர்த்திருந்தோம். நூல் கட்டப்பட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, இரண்டு இதழ்கள் கழித்து வாசகர் கடிதங்களுக்குக் கீழே, நான்கு வரியில், கட்டுரையாசிரியரே இரண்டு பதிப்புகளின் ஆண்டுகளைக் குழப்பிக்கொண்டதாக ஒப்புக்கொண்டு அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றிருந்தார். அவருக்கே அது மறந்துபோயிருந்தது. முந்நூறு பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டினோம். குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லை. அவருடைய மகளுக்கு நான் எழுதிய கடிதம்தான் அந்த நூலுக்காக நான் எழுதியவற்றிலேயே கடினமானது.

திரட்டியவற்றை நாள்வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: எது முதலில் வந்தது, யார் எதற்குப் பதில் சொன்னார், யார் எந்தக் கூற்றைக் கைவிட்டார் என்று. பின்னால் முன்குறிப்பு எழுதுவதற்கும், வழக்கறிஞருக்கு விளக்குவதற்கும், வழக்குத் தொடுப்போம் என்று நோட்டீஸ் வந்தால் பதில் சொல்வதற்கும் இந்த ஒரே தாள்தான் பயன்படும்.

4. எதைச் சேர்ப்பது, எதை விடுவது

கூச்சல் அதிகம் எழுந்தது என்பதற்காக மட்டும் ஒரு கட்டுரையைச் சேர்க்க வேண்டியதில்லை. அந்த வாரத்துச் சண்டையை மறந்துவிட்ட ஒரு வாசகர், அடிக்குறிப்புகளின் துணையோடு படித்தால், வாதத்தைத் தொடர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எதிராளியின் பெயரை எடுத்துவிட்டால் கட்டுரையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அதை விட்டுவிடலாம்.

ஒரே வாதம் மூன்று கட்டுரைகளில் திரும்ப வந்தால், மூன்றிலும் பத்திகளை வெட்டி ஒட்டுவதைவிடச் சிறந்த ஒன்றை முழுமையாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விடுவது நல்லது. வெட்டிய கட்டுரையில், பாதகமான பகுதியை மறைத்துவிட்டார்கள் என்ற ஐயம் எதிர்த்தரப்புக்கு நிச்சயம் எழும்.

5. உரிமைகளை எழுத்தில் பெறுதல்

கட்டுரை இதழில் வந்ததால் உரிமையும் இதழுக்குப் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிலிருந்து எழுதிய ஆசிரியர் எழுத்து மூலம் உரிமையை மாற்றிக் கொடுத்திருந்தால் தவிர, உரிமை அவரிடமே இருக்கும். இதழின் ஊழியராக இருந்து எழுதியவருக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், நூலாக வெளியிடும் உரிமை அவரிடமே தங்கும். இதழில் வெளியிடும் உரிமைதான் இதழின் உரிமையாளருக்குரியது. எனவே எழுதிக் கொடுத்த பழைய கடிதம் ஏதும் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும்.

மறைந்த ஆசிரியரின் எழுத்துக்கு, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். வாரிசுகள் பலர் என்றால் எல்லோரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும். மூத்த மகன் மட்டும் கையெழுத்திட்ட கடிதத்தை நம்பி இறங்கக் கூடாது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியரின் படைப்புகளுக்கு வாரிசுகளின் அனுமதி தேவைப்படாது. ஆனால் அவரோடு வாதிட்டவரின் பதில் கட்டுரை அதனால் நாட்டுடைமை ஆகிவிடாது.

எதிர்வினைகளைப் பொறுத்தவரை, விமர்சனத்துக்காகச் சில வரிகளை ஆசிரியர் பெயரோடு மேற்கோள் காட்டுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. முழு மறுப்பையும் பின்னிணைப்பாகச் சேர்க்க அதை எழுதியவரின் அனுமதி வேண்டும். வாசகர் கடிதத்துக்கும் இதே விதிதான். எதிர்த்தரப்பிடம் போய்க் கேட்கத் தயங்குகிறார்கள். கேட்டால் பலர் தருகிறார்கள், சிலர் ஒரு பின்குறிப்பையும் எழுதித் தருகிறார்கள். அதனால் நூல் செழுமையடைகிறது.

உரிமைக் கடிதத்தில் கால அளவையும் நிலப்பரப்பையும் மின்னூல், ஒலிநூல் ஆகியவற்றையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

6. தனிமனிதர்களைப் பற்றிய வாக்கியங்களைச் சோதித்தல்

அதிக நேரம் இந்தப் படிக்குத்தான் ஒதுக்க வேண்டும். தட்டச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு இரண்டு வண்ணப் பென்சில்களோடு உட்கார வேண்டும். ஒருவரின் செயலைப் பற்றிய தகவல் கூற்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் சிவப்பு. ஆசிரியரின் கருத்து, மதிப்பீடு வருமிடங்களில் பச்சை. “இந்த ஆய்வு மேம்போக்கானது” என்பது கருத்து. “இவர் நிதியைக் கையாடினார்” என்பது தகவல் கூற்று. சிவப்புக் கோடிட்ட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அதற்கான சான்று என்ன, அது எங்கே இருக்கிறது என்று பட்டியலிட வேண்டும். சான்றுக்கான கட்டம் காலியாக இருக்கும் வாக்கியம் நூலுக்குள் போகக் கூடாது.

சான்று இருந்தும் வாக்கியம் சான்றைத் தாண்டிப் போகும் இடங்கள்தாம் மிகுதி. “அவர் என் ஆய்வைத் திருடினார்” என்று கட்டுரையாசிரியர் எழுதியிருந்தார். கையில் இருந்த சான்று மூன்று பத்திகள் மட்டுமே. அந்த இடத்தில், “அவருடைய நூலின் மூன்று பத்திகள், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த என் கட்டுரையின் பத்திகளோடு சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கின்றன, மேற்கோள் குறியோ பெயரோ இல்லை” என்று அடிக்குறிப்போடு திருத்தி, இரண்டு பாடங்களையும் அருகருகே அச்சிட்டோம். சினத்தில் எழுதிய சொல் போய்விட்டதே என்று ஆசிரியர் வருந்தினார். படித்தவர்கள் அந்த இரண்டு பாடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தாங்களே முடிவுக்கு வந்தார்கள்.

இங்கே புதியவர்களிடம் நிலவும் சில தவறான நம்பிக்கைகளைச் சொல்ல வேண்டும். ‘என்று சொல்லப்படுகிறது’ என்று சேர்த்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பிறர் சொன்ன அவதூறைத் திரும்பச் சொல்வதும் அவதூறுதான். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள்; ஊரையும் பதவியையும் வைத்து ஆளை அடையாளம் காண முடிந்தால் பெயர் இல்லாததால் பயனில்லை. இறந்தவரைப் பற்றி எதையும் எழுதலாம் என்பதும் தவறு. குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அதுவும் குற்றவியல் அவதூறாகலாம்.

பத்து ஆண்டுகளுக்கு முன் இதழில் வந்தபோது யாரும் வழக்குத் தொடுக்கவில்லை, ஆகவே இப்போதும் சிக்கல் வராது என்ற நம்பிக்கைதான் இவற்றுள் மிகவும் ஆபத்தானது. இழப்பீடு கேட்கும் அவதூறு வழக்குக்குக் காலவரம்பு ஓராண்டு. ஆனால் நூலாக வருவது புதிய வெளியீடு. அன்றிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும்.

குற்றவியல் அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தச் சட்டம் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருப்பதால், பழைய வழிகாட்டிகளில் உள்ள 499, 500 என்ற எண்களை நம்பி எழுதக் கூடாது. உண்மை என்பது மட்டும் குற்றவியல் வழக்கில் போதாது. அதை வெளியிடுவது பொது நன்மைக்கானது என்றும் காட்ட வேண்டும். எனவே சான்றுப் பட்டியலில் ‘இதை வாசகர் ஏன் அறிய வேண்டும்’ என்று இன்னொரு கட்டத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒருவரின் குடும்ப வாழ்க்கை பற்றிய வரி பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் அடிபட்டுப்போகும்.

நீதிமன்ற ஆவணங்களும் பொது ஆவணங்களும் பெரிய துணை. நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் அளித்த தீர்ப்பு, பொது ஆவணங்களில் உள்ளவற்றை ஒப்புதல் இல்லாமலேயே வெளியிடலாம் என்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை அதே தீர்ப்பு விலக்கி வைக்கிறது. பாலியல் அத்துமீறல் பற்றிய கட்டுரை தொகுப்பில் இருந்தால், பெயரோடு கல்லூரி, துறை, ஆண்டு, உறவு முறை ஆகியவற்றையும் சேர்த்துப் படித்து, அவரை அறிந்த ஒருவர் அடையாளம் கண்டுகொள்வாரா என்று சோதிக்க வேண்டும்.

7. மதம், சாதி பற்றிய பகுதிகளும் வழக்கறிஞரின் வாசிப்பும்

பக்க வடிவமைப்புக்கு முன்பே பிரதியை வழக்கறிஞர் படிக்க வேண்டும். முழு நூலையும் கொடுத்து ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்றால் அவர் எல்லாவற்றையும் நீக்கச் சொல்வார். சிவப்புக் கோட்டுப் பட்டியலையும் சான்றுகளையும் கொடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகக் கருத்துக் கேட்டால் பயனுள்ள பதில் வரும். அவர் ஆபத்தைச் சொல்வார். வெளியிடுவதா வேண்டாமா என்பதை ஆசிரியரும் பதிப்பாளரும்தான் தீர்மானிக்க வேண்டும்.

பிரிவினரிடையே பகைமையை வளர்ப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவிலும், சமய உணர்வை வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு புண்படுத்துவது 299ஆம் பிரிவிலும் வருகின்றன. இங்கே நோக்கம் முக்கியம். ஒரு நூலையோ சடங்கையோ சான்றுகளோடு விமர்சிப்பது ஒன்று, அதைப் பின்பற்றும் மக்களை இழித்துப் பேசுவது வேறு. ஆசிரியர் முன்னதிலிருந்து பின்னதற்கு வழுக்கிய வரி எது என்று தேடிப் பிடிக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பற்றிப் பழைய மேற்கோள்களில் இழிசொற்கள் வந்தால், அவை மூலத்தின் சொற்கள் என்பது மேற்கோள் குறியாலும் அடிக்குறிப்பாலும் ஐயமின்றித் தெரிய வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எழுத்துக்கும் பொருந்தும்.

எதிர்ப்பு எழும் என்ற அச்சத்திலேயே கட்டுரையை நீக்கிவிடவும் கூடாது. ‘மாதொருபாகன்’ நாவல் தொடர்பான பெருமாள்முருகன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று எழுத்தாளரின் பக்கம் நின்றது. விரும்பாதவர்கள் படிக்காமல் இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரங்களுள் ஒன்று. அது நாவலைப் பற்றிய தீர்ப்பு. கட்டுரை தகவலின் மீது நிற்பதால் அதற்குச் சான்றின் பொறுப்பு கூடுதலாக இருக்கிறது.

8. மூலத்தில் கைவைக்கும் முறை

எழுத்துப் பிழைகளையும் அச்சுப் பிழைகளையும் சொல்லாமலே திருத்தலாம். ஆண்டு, பெயர், எண்ணிக்கை போன்ற தகவல் பிழைகளை மூலத்தில் அப்படியே விட்டு, அடிக்குறிப்பில் சரியானதைத் தர வேண்டும். ஏனெனில் அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டி வந்த எதிர்வினை, பிழை திருத்தப்பட்டுவிட்டால் பொருளற்றதாகிவிடும். ஆசிரியரின் நிலைப்பாடு மாறியிருந்தால் கட்டுரையின் இறுதியில் நாளிட்ட பின்குறிப்பு எழுதலாம். சான்றில்லாமலோ சட்டக் காரணத்தாலோ நீக்கிய வரிகளின் இடத்தில் சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளிகள் இட்டு, திருடினார் என்ற வரியைப் போல மாற்றி எழுதியவற்றை அடிக்குறிப்பில் சொல்லி, இந்த வழக்கத்தைத் தொகுப்புரையில் விளக்க வேண்டும்.

மறைமுகமாகச் செய்யும் மாற்றம் கட்டாயம் வெளிவரும். பழைய இதழை வைத்திருக்கும் ஒருவர் எப்போதும் இருப்பார், அதுவும் பெரும்பாலும் எதிர்த்தரப்பில் இருப்பார்.

9. வரிசையும் முன்குறிப்பும்

விவாதம் விவாதமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் கால வரிசையில் அடுக்குவதே வாசகருக்கு எளிது. மிகக் காரமான கட்டுரையை முதலில் வைக்கும் ஆசை பதிப்பாளருக்கு வரும். அது வேறொன்றுக்குப் பதிலாக எழுதப்பட்டதென்றால், காரணம் தெரியாமல் கோபத்தை மட்டும் வாசகர் படிக்க நேரும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் நூறு சொல்லளவில் முன்குறிப்பு போதும்: எப்போது, எந்த இதழில், எதை ஒட்டி எழுதப்பட்டது, யார் மறுத்தார், அவர் மறுத்தது என்ன. எதிராளியின் வாதத்தை அவர் படித்தாலும் ‘ஆம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும். முன்குறிப்பில் தொகுப்பாசிரியர் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினால் அவரும் சண்டைக்குள் ஒரு கட்சியாகிவிடுவார். அவருக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் தொகுப்புரையில் தம் பெயரில் சொல்லட்டும்.

10. எழுத்துரு மாற்றமும் மெய்ப்பும்

பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போதும், படத்திலிருந்து எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றும் மென்பொருள்) மூலம் எடுக்கும்போதும் சில பிழைகள் தவறாமல் வரும். கால் குறி ‘ர’ ஆகிவிடும்; ‘பாதம்’ என்பது ‘பரதம்’ ஆனாலும் இரண்டும் சொற்களே என்பதால் சொற்பிழை திருத்தி காட்டிக்கொடுக்காது. ‘ஔவை’ என்பது ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்து ‘ஒளவை’யாக நிற்கும். இவற்றைத் தேடல் மூலம் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

சர்ச்சைக் கட்டுரைக்கு மெய்ப்பை ஒருவர் மௌனமாகப் பார்ப்பது போதாது. ஒருவர் பழைய இதழை வைத்து உரக்கப் படிக்க, மற்றவர் புதிய தாளில் விரலை ஓட்டி ஒப்பிட வேண்டும். ஒரு கட்டுரையில் “அந்தத் தொகையைப் பெற்றவர் அல்லர்” என்ற வாக்கியம் இதழில் பக்கம் முறியும் இடத்தில் வந்திருந்தது. ‘அல்லர்’ என்ற சொல் மட்டும் மறுபக்கத்தின் உச்சியில் தனியாக நின்றது. தட்டச்சு செய்தவர் அதைத் தவறவிட்டதால், பணம் வாங்காதவர் எங்கள் பிரதியில் பணம் வாங்கியவராகியிருந்தார். இரண்டு முறை மௌனமாகப் படித்தபோதும் அது கண்ணில் படவில்லை. நண்பர் உரக்கப் படித்துக்கொண்டே தாளைத் திருப்பி ‘அல்லர்’ என்றபோதுதான் என் விரல் நின்றது.

பின்னட்டை வாசகத்தையும் விளம்பர வரிகளையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். உள்ளே நூறு பக்கங்களில் கவனமாகச் சொன்னதைப் பின்னட்டையில் ஒரே வரியில் குற்றச்சாட்டாக மாற்றிவிடுகிறார்கள்.

11. ஒப்பந்தம், அச்சு, அதன் பிறகு

பதிப்பக ஒப்பந்தத்தில், வழக்கு வந்தால் எல்லாச் செலவும் ஆசிரியருடையது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். சான்றுகளை ஆசிரியர் மறைத்திருந்தால் மட்டும் என்று அதைச் சுருக்கும்படி கேட்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் விற்பனையை நிறுத்துவதை யார் முடிவு செய்வது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். அச்சமடைந்த பதிப்பாளர் ஆசிரியரிடம் கேட்காமலே பிரதிகளைத் திரும்பப் பெறும் நிலை அப்போதுதான் தவிர்க்கப்படும்.

பன்னாட்டுத் தர நூல் எண் (ISBN) புது தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமையிடம் கட்டணமின்றிக் கிடைக்கும். 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் நூல் வெளியான 30 நாட்களுக்குள் பதிப்பாளர் பிரதி அனுப்ப வேண்டும். முதல் அச்சைக் குறைந்த பிரதிகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிழை தெரியவந்தால் அடுத்த அச்சில் திருத்தலாம்.

நோட்டீஸ் வந்தால் சமூக வலைதளத்தில் பதில் எழுதாமல், வந்த நாளைக் குறித்து, சான்றுப் பட்டியலோடு வழக்கறிஞரிடம் கொடுக்க வேண்டும். மாநில அரசு நூலைப் பறிமுதல் செய்வதாக அறிவித்தால், அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாட அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து இரண்டு மாதங்கள்தாம் உண்டு. நோட்டீஸில் சுட்டப்பட்ட பிழை உண்மையிலேயே பிழைதான் என்றால், வழக்கறிஞரின் வழியாக அதை உடனே ஒப்புக்கொண்டு, விற்காத பிரதிகளில் திருத்தச் சீட்டு வைத்து, மின்னூலையும் அதே நாளில் மாற்றி, மாற்றிய நாளை அதன் உரிமைப் பக்கத்தில் குறிப்பிட வேண்டும். சான்றுக் கோப்புறைகளை நூல் விற்பனையில் இருக்கும்வரை, மறுபதிப்புகளின் காலத்தையும் சேர்த்து, ஆசிரியரிடம் ஒரு நகலும் பதிப்பகத்தில் ஒரு நகலுமாக வைத்திருக்க வேண்டும்.